கை, கண், கணக்கு: கடல் தாண்டும் ஆபரேஷன் ஆராய்ச்சி

மூன்று வருடங்களுக்கு முன் என் அப்பாவுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. எங்கள் ஊரில் உள்ள ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் இரவோடு இரவாக வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது தையல் போட்ட இடத்தில் சீழ். இரண்டு தையலைப் பிரித்து, தினமும் கழுவி, கட்டு மாற்றி, அவர் மறுபடி கடையில் போய் உட்கார ஆறு வாரம் ஆகிவிட்டது. ஆபரேஷனுக்கு ஆன செலவில் பாதி இந்தக் காயத்துக்கும் ஆனது.

டாக்டரிடம் கேட்டேன். "இது ஏன் சார் வந்துச்சு?"

"குடல்வால் வெடிச்சா கிருமி வயிறு பூரா பரவிடும் தம்பி. சில பேருக்கு இப்படி ஆகத்தான் செய்யும்."

"இங்க நூறு பேருக்கு ஆபரேஷன் செஞ்சா எத்தனை பேருக்கு சார் இப்படி ஆகுது?"

அவர் சிரித்துக்கொண்டே அலமாரியில் இருந்த தடிமனான ரிஜிஸ்டர் நோட்டுகளைக் காட்டினார். "அதைப் புரட்டி எண்ணினாத்தான் தெரியும்."

நான் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன். எங்கள் புரோகிராமில் ஒரு பிழை வந்தால் அதற்கு ஓர் எண் கொடுப்போம். எப்போது வந்தது, எந்தக் கம்ப்யூட்டரில் வந்தது, என்ன செய்தபோது வந்தது என்று பதிவு செய்யாமல் அடுத்த வேலைக்குப் போக மாட்டோம். ஒரு பட்டன் தப்பான இடத்தில் இருப்பதற்கே இத்தனை பதிவு. வயிற்றில் ஆறு வாரம் ஆறாத காயத்துக்கு ஒரு பதிவும் இல்லையா?

இந்தக் கேள்வியோடு தேட ஆரம்பித்ததன் பலன்தான் இந்தக் கட்டுரை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. ஆனால் தேடத் தேட, வயிற்று ஆபரேஷன் ஆராய்ச்சியின் கதையில் பாதி நெட்வொர்க், வீடியோ, டேட்டாபேஸ் என்று நமக்குத் தெரிந்த விஷயங்களாகவே இருந்தன. உலக சர்ஜன்கள் கம்ப்யூட்டரை மூன்று விதமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். முதலில் கையைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். பிறகு கண்ணை அனுப்பினார்கள். கடைசியில் கணக்கை அனுப்பினார்கள். இவற்றில் செய்தித்தாளில் வந்தது முதலாவது. என் அப்பாவைப் போன்றவர்களுக்குப் பயன் தந்தது மூன்றாவது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வயிற்றுக்குள் கேமரா வந்த கதை

வயிற்றை நீளமாகக் கீறாமல், சிறு துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவையும் மற்றவற்றில் கருவிகளையும் நுழைத்துச் செய்வதுதான் லேப்ராஸ்கோப் ஆபரேஷன். ஜெர்மனியில் எரிக் மியூஹே 1985-இல் இந்த முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை எடுத்தார். அந்த நாட்டு சர்ஜன்கள் அவரை அப்போது பெரிதாக மதிக்கவில்லை. 1987-இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே வீடியோ கேமராவை இணைத்து இதையே செய்தார். இந்த முறை பரவியது அதற்குப் பிறகுதான்.

வீடியோ வந்ததும் என்ன மாறியது என்று கவனியுங்கள். பழைய ஆபரேஷனில் காயத்துக்குள் குனிந்து பார்ப்பவருக்கு மட்டுமே உள்ளே நடப்பது தெரியும். பக்கத்தில் நிற்கும் ஜூனியர் எட்டி எட்டிப் பார்க்க வேண்டும். லேப்ராஸ்கோப்பில் சர்ஜனே திரையைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார். அவர் பார்ப்பதை அறையில் உள்ள எல்லோரும் பார்க்கலாம், கேசட்டில் பதியலாம், வேறு ஊருக்கு அனுப்பலாம். 1989-இல் பிரெஞ்சு சர்ஜன் ஜாக் பெரிஸா இந்த ஆபரேஷனின் வீடியோவை அமெரிக்காவின் லூயிவில் நகரில் நடந்த மாநாட்டில் போட்டுக் காட்டினார். 1990-இல் மும்பையில் டெம்டன் உத்வாடியா இந்தியாவின் முதல் லேப்ராஸ்கோப் பித்தப்பை ஆபரேஷனைச் செய்தார். கண்டம் விட்டுக் கண்டம் போக ஐந்தே வருடம்.

சுருக்கமாகச் சொன்னால், ஆபரேஷன் ஒரு வீடியோ சிக்னலாக மாறிவிட்டது. சிக்னல் ஆகிவிட்டால் அதை எவ்வளவு தூரம் அனுப்பலாம் என்ற கேள்வி தானாகவே வரும்.

முதலில் கை

2001 செப்டம்பர் 7. நோயாளி 68 வயதுப் பெண். படுத்திருந்தது பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில். பித்தப்பையை எடுத்த சர்ஜன் ஜாக் மரெஸ்கோ உட்கார்ந்திருந்தது நியூயார்க்கில். அவருடன் மிஷெல் காக்னே என்ற சர்ஜனும் இருந்தார். ஸீயஸ் என்ற ரோபோவின் கைகள் ஸ்ட்ராஸ்பர்க்கில் நோயாளியின் வயிற்றுக்குள் வேலை செய்தன. அந்தக் கைகளை ஆட்டும் கைப்பிடிகள் அட்லாண்டிக்கின் மறுகரையில் இருந்தன. 54 நிமிடத்தில் ஆபரேஷன் முடிந்தது. சிக்கல் எதுவும் இல்லை. 1927-இல் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாக விமானம் ஓட்டியவரின் நினைவாக இதற்கு லிண்ட்பெர்க் ஆபரேஷன் என்று பெயர் வைத்தார்கள்.

நமக்கு இதில் சுவாரசியமானது லைன். பிரான்ஸ் டெலிகாம் கொடுத்த கண்ணாடி இழை இணைப்பில் ஏடிஎம் தொழில்நுட்பம் பயன்பட்டது. ஏடிஎம் என்றதும் பணம் எடுக்கும் மெஷினை நினைக்க வேண்டாம். டேட்டாவை ஒரே அளவுள்ள சிறு பொட்டலங்களாக்கி, ஒருவருக்கென்று பாதையை ஒதுக்கி அனுப்பும் முறை அது. வேகம் நொடிக்கு 10 மெகாபிட். இன்று நம் வீட்டு பிராட்பேண்டே இதைவிட வேகம்! ஆனால் அவர்களுக்கு வேகத்தைவிட முக்கியமாகத் தேவைப்பட்டது தாமதம் கூடாமலும் மாறாமலும் இருப்பது. ஆன்லைன் கேம் ஆடுபவர்களுக்கு 'பிங்' என்றால் புரியும். போக வர சுமார் 14,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. ஆகவே பயணத்துக்கே 70 மில்லி செகண்ட் போய்விடும். வீடியோவைச் சுருக்கி விரிக்கும் நேரத்தையும் சேர்த்து மொத்தத் தாமதம் சராசரியாக 155 மில்லி செகண்ட். 330 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பாதுகாப்பாகச் செய்யலாம் என்று அந்தக் குழு ஏற்கெனவே கணித்து வைத்திருந்தது.

நான்கே நாளில், செப்டம்பர் 11 அன்று, நியூயார்க் தாக்கப்பட்டது. உலகம் வேறு எதையும் பேசவில்லை. ஆனால் இந்த முறை பரவாமல் போனதற்கு அது காரணம் அல்ல. கனடாவில் 2003-இல் மெஹ்ரான் அன்வாரி ஹாமில்டன் நகரில் உட்கார்ந்துகொண்டு, சுமார் 400 கிலோமீட்டர் தள்ளியிருந்த நார்த் பே ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு இதே ரோபோவால் ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். அப்படி 21 ஆபரேஷன்களின் விவரத்தை வெளியிட்டார். அதே 2003-இல் ஸீயஸ் தயாரித்த கம்பெனி இன்னொரு ரோபோ கம்பெனியோடு இணைந்தது. ஸீயஸ் நிறுத்தப்பட்டது. 2020-களில் சீனா, இந்தியா உள்ளிட்ட நாடுகளில் தொலைதூர ஆபரேஷன் மறுபடி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். ரோபோ, தனி லைன், நோயாளியின் பக்கத்தில் அவசரத்துக்கு இன்னொரு சர்ஜன் குழு, இத்தனையும் சேர்ந்து கடல் தாண்டி அனுப்புவது ஒரு ஜோடிக் கையைத்தான்.

அடுத்தது கண்

லிண்ட்பெர்க் நடந்து இரண்டு வருடத்துக்குள் ஆசியாவின் இந்தப் பக்கத்தில் வேறொரு வேலை தொடங்கியது. இரைப்பைப் புற்றுநோய் அதிகமுள்ள நாடுகள் ஜப்பானும் தென் கொரியாவும். லேப்ராஸ்கோப் உதவியோடு இரைப்பைப் புற்றுநோய் ஆபரேஷனை ஜப்பானின் செய்கோ கிடானோ 1991-இல் முதலில் செய்தார். இந்த அனுபவத்தை இரு நாட்டு சர்ஜன்களும் பகிர்ந்துகொள்ள நேரடி வீடியோ தேவைப்பட்டது.

அப்போது வீடியோ கான்பரன்ஸ் என்றால் பெரும்பாலும் ஐஎஸ்டிஎன் லைன், நொடிக்கு 128 கிலோபிட். முகம் தெரியும், பேச்சு கேட்கும். ஆனால் கொழுப்புக்குள் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய் எது, நிணநீர்க் கட்டி எது என்று அந்தப் படத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. நிறம் கொஞ்சம் மாறினாலும் சர்ஜனுக்கு அது வேறு விஷயம்.

ஜப்பானின் புகுஓகா நகரில் உள்ள கியூஷு பல்கலைக்கழக ஆஸ்பத்திரியின் ஷூஜி ஷிமிசு குழு 2003-இல் இதற்கு ஒரு வழி கண்டது. புகுஓகாவுக்கும் கொரியாவின் பூசனுக்கும் இடையே கடலடிக் கண்ணாடி இழை இருந்தது. அதில் பல்கலைக்கழகங்களுக்கான வேகமான இன்டர்நெட் ஓடியது. டிவிடிஎஸ் என்ற இலவச சாப்ட்வேர் ஜப்பானிலேயே உருவாகியிருந்தது. வீட்டு டிவி கேமராக்களில் இருந்ததே, அந்த டிஜிட்டல் வீடியோ சிக்னல், அதை பயர்வயர் போர்ட் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் வாங்கி அப்படியே இன்டர்நெட்டில் தள்ளிவிடும் சாப்ட்வேர் இது. ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாக லேசாக மட்டுமே அழுத்துவதால் படம் தெளிவாக இருக்கும், தாமதமும் குறைவு. விலை நொடிக்கு 30 மெகாபிட். ஐஎஸ்டிஎன்னைவிட இருநூறு மடங்குக்கும் மேல். ஒரு மணி நேர ஆபரேஷனைச் சேமித்தால் 13.5 ஜிகாபைட். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல கம்ப்யூட்டர், ஒரு கேமரா, ஒரு நல்ல லைன். ரோபோ தேவையில்லை. ஒருவர் ஆபரேஷன் செய்ய, இன்னொரு நாட்டில் இருபது பேர் பார்த்து, "அங்கே ஏன் வெட்டினீர்கள்?" என்று அப்போதே கேட்கலாம். 2008-இல் இந்த வேலைக்கென்றே கியூஷுவில் ஆசியத் தொலைமருத்துவ மையம் ஒன்று அமைந்தது. ஜப்பான், கொரியாவோடு நிற்காமல் ஆசியாவின் பல நாடுகள் அதில் சேர்ந்தன. இன்னொரு பக்கம், லிண்ட்பெர்க் ஆபரேஷன் செய்த மரெஸ்கோ 1994-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் தொடங்கிய இர்காட் மையம், வெப்சர்ஜ் என்ற பெயரில் ஆபரேஷன் வீடியோக்களை இன்டர்நெட்டில் தொகுத்து வைத்தது. ரோபோ கண்டம் தாண்டியதைவிட இந்த வீடியோக்கள் தாண்டியதால் கற்றவர்கள் பல மடங்கு.

இங்கே நம் ஊர்க் கதை ஒன்றும் வருகிறது. உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் என்றால் மார்பைத் திறக்க வேண்டும். மிகப் பெரிய ஆபரேஷன். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து மார்பில் சிறு துளைகள் வழியே செய்யலாம் என்று ஸ்காட்லாந்தில் ஆல்பிரட் குஷியெரி 1994-இல் எழுதினார். குப்புறப் படுத்தால் நுரையீரல் தானாகவே முன்பக்கம் சரிந்து வழிவிடும். கோவையில் சி. பழனிவேலு குழு இந்த முறையில் 130 நோயாளிகளுக்குச் செய்த அனுபவத்தை 2006-இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டது. பல நாட்டு சர்ஜன்கள் அதைப் படித்தார்கள், முயன்று பார்த்தார்கள்.

ஆனால் ஒரு கேள்வி பாக்கி. ஒரு கைதேர்ந்த குழு நன்றாகச் செய்கிறது என்றால், அது முறையின் பலனா, கையின் பலனா? வீடியோவை எத்தனை தடவை பார்த்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது. நெதர்லாந்து, ஸ்பெயின், இத்தாலி ஆகிய மூன்று நாடுகளின் 5 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 115 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தன. ஒரு பிரிவுக்கு மார்பைத் திறந்து ஆபரேஷன், இன்னொரு பிரிவுக்குக் குப்புறப் படுக்க வைத்துத் துளை வழியே. 2012-இல் முடிவு வந்தது. முதல் இரண்டு வாரத்தில் நுரையீரல் தொற்று, திறந்து செய்தவர்களில் 29 சதவீதம், துளை வழியே செய்தவர்களில் 9 சதவீதம். ஸ்காட்லாந்தின் யோசனை, கோவையின் அனுபவம், ஐரோப்பாவின் கணக்கு. மூன்றும் சேர்ந்தபோதுதான் சந்தேகம் தீர்ந்தது.

கடைசியாகக் கணக்கு

115 பேர் போதுமா? 29-க்கும் 9-க்கும் உள்ள பெரிய வித்தியாசத்தைக் காட்ட அது போதும். சிறிய வித்தியாசம் என்றால் போதாது. ஒரு ரூபாய் நாணயத்தை நூறு தடவை சுண்டிப் பாருங்கள். 50 தலை வரவேண்டும் என்றாலும் 45 வரும், 55 வரும். அதுபோல ஒரு ஆஸ்பத்திரியில் நூறு பேரில் 19 பேருக்குச் சீழ் பிடித்து, அடுத்த வருடம் 16 ஆகக் குறைந்தால், அது புதுப் பழக்கத்தின் பலனா, வெறும் தற்செயலா என்று சொல்லவே முடியாது. ஆயிரக்கணக்கில் நோயாளிகள் வேண்டும். ஒரு ஆஸ்பத்திரிக்கோ, ஒரு நாட்டுக்கோ அது சுலபமல்ல.

பிரிட்டனில் பர்மிங்காம், எடின்பரோ நகரங்களின் இளம் சர்ஜன்கள் தொடங்கிய குளோபல்சர்ஜ் என்ற கூட்டு முயற்சி இதற்கு ஒரு வழி சொன்னது. பெரிய பண உதவி தேவையில்லை. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் இரண்டு மூன்று டாக்டர்களோ மருத்துவ மாணவர்களோ சேர்ந்து, இரண்டு வாரத்துக்குத் தங்களிடம் வரும் நோயாளிகளை மட்டும் ஒரே படிவத்தில் பதிவு செய்தால் போதும். 2014-இல் முதல் ஆய்வு. அவசர வயிற்று ஆபரேஷன் செய்துகொண்ட 10,745 நோயாளிகள், 357 ஆஸ்பத்திரிகள், 58 நாடுகள். இரண்டாவது ஆய்வு 2018-இல் வெளிவந்தது. வயிறு, குடல் ஆபரேஷன் செய்த 12,539 பேரில் எத்தனை பேருக்கு ஆபரேஷன் காயத்தில் தொற்று வந்தது என்று எண்ணினார்கள். வசதியான நாடுகளில் 9.4 சதவீதம், நடுத்தர நாடுகளில் 14 சதவீதம், வளர்ச்சி குறைந்த நாடுகளில் 23.2 சதவீதம்.

இதைப் படித்தபோது எனக்கு அந்த ரிஜிஸ்டர் நோட்டுதான் ஞாபகம் வந்தது. நான் கேட்ட அதே கேள்வியை 343 ஆஸ்பத்திரிகளில், 66 நாடுகளில் கேட்டிருக்கிறார்கள்.

படிவம் எப்படி வேலை செய்கிறது?

இத்தனை நாடுகளிலிருந்து எக்செல் பைல்களை ஈமெயிலில் வாங்கினால் என்ன ஆகும்? ஒருவர் தேதியை 05-06 என்று எழுதுவார். அது ஜூன் 5-ஆ, மே 6-ஆ? ஒருவர் எடையை கிலோவில் எழுதுவார், இன்னொருவர் பவுண்டில். ஆகவே இவர்கள் ரெட்கேப் என்ற சாப்ட்வேரைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பால் ஹாரிஸ் குழு 2004-இல் உருவாக்கியது. லாப நோக்கமில்லாத நிறுவனங்களுக்கு இலவசம். பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் தெரிந்தவர்களுக்கு இதன் உள்ளமைப்பு புதிதல்ல. பிரவுசர் இருந்தால் போதும், சாதாரண கம்ப்யூட்டரில் இயங்கும். அதன் முக்கிய வசதிகள் இவை:

1. சரிபார்ப்பு: வயது 250 என்று அடித்தால் எச்சரிக்கும். டிஸ்சார்ஜ் தேதி ஆபரேஷன் தேதிக்கு முன்னால் இருந்தால் பிடித்துக் காட்டும்படி அமைக்கலாம்.

2. கிளைக் கேள்விகள்: "காயத்தில் தொற்று உண்டா?" என்பதற்கு 'ஆம்' என்றால் மட்டுமே அடுத்த நான்கு கேள்விகள் திரையில் வரும். நிரப்புபவரின் நேரம் மிச்சம்.

3. தனித்தனி அறைகள்: ஒரு ஆஸ்பத்திரி அடித்ததை இன்னொரு ஆஸ்பத்திரி பார்க்க முடியாதபடி பிரிக்கலாம்.

4. தடம்: யார், எப்போது, எதை மாற்றினார் என்று ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும். அழித்துவிட்டுத் தப்பிக்க முடியாது.

5. ஆப்லைன்: இன்டர்நெட் இல்லாத இடத்தில் மொபைல் ஆப்பில் நிரப்பிவிட்டு, லைன் கிடைத்ததும் சர்வருக்கு அனுப்பலாம்.

நோயாளியின் பெயர் படிவத்தில் இருக்காது, ஓர் எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அந்தந்த ஆஸ்பத்திரியைவிட்டு வெளியே போகாது.

கையுறையை மாற்றினால் போதுமா?

எண்ணிப் பார்த்தாகிவிட்டது. அடுத்து, குறைக்க என்ன வழி? கிருமியைக் கொல்லும் மருந்து பூசிய விலை உயர்ந்த தையல் நூலும், விலை கூடிய தோல் கழுவும் திரவமும் ஏழை நாட்டு ஆஸ்பத்திரிகளில் பலன் தருமா என்று முதலில் சோதித்தார்கள். இந்தியா, நைஜீரியா, கானா, பெனின், ருவாண்டா, தென்னாப்பிரிக்கா, மெக்சிகோ ஆகிய 7 நாடுகள், 54 ஆஸ்பத்திரிகள், 5,788 நோயாளிகள். 2021-இல் வந்த முடிவு: சாதாரண நூலையும் வழக்கமான போவிடோன் அயோடினையும்விட அவை மேல் என்று காட்ட முடியவில்லை. இது தோல்வி அல்ல. பணம் இல்லாத ஆஸ்பத்திரி அந்தப் பணத்தை வேறு எதற்காவது செலவிடலாம் என்று தெரிந்ததே!

அடுத்த சோதனை மிக எளிமையானது. குடலைத் தொட்ட கையுறையோடும் அதே கருவிகளோடும்தானே கடைசியில் வயிற்றைத் தைத்து மூடுகிறார்கள்? மூடுவதற்கு முன் குழுவில் எல்லோரும் கையுறையை மாற்றி, கருவிகளையும் புதிதாக எடுத்துக்கொண்டால் என்ன? ஒரே ஆஸ்பத்திரியில் இன்று மாற்று, நாளை மாற்றாதே என்றால் பழக்கம் குழம்பிவிடும். அதனால் நோயாளிகளுக்குப் பதில் ஆஸ்பத்திரிகளையே குலுக்கல் போட்டார்கள். 39 ஆஸ்பத்திரிகள் மாற்றின, 42 ஆஸ்பத்திரிகள் வழக்கப்படி செய்தன. அதே 7 நாடுகள், 13,301 நோயாளிகள். இந்தியாவின் பங்களிப்பை லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஒருங்கிணைத்தது.

2022-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. வழக்கப்படி செய்த இடங்களில் தொற்று 18.9 சதவீதம். மாற்றிய இடங்களில் 16 சதவீதம். பார்க்கச் சிறியதாகத் தெரியும். ஆயிரம் பேருக்கு ஆபரேஷன் என்றால் 29 பேருக்கு அந்தச் சீழ் வராது. 29 வீடுகளில் ஒருவர் ஆறு வாரம் வேலைக்குப் போகாமல் உட்கார வேண்டியதில்லை. புது மருந்து இல்லை, ரோபோ இல்லை. சில ஜோடிக் கையுறைகளும் ஒரு செட் கருவிகளும். இதை எந்தத் தனி ஆஸ்பத்திரியும் தன் நோட்டைப் புரட்டிக் கண்டுபிடித்திருக்க முடியாது.

கொரோனா காலத்தில் இதே வலைப்பின்னல் கைகொடுத்தது. கொரோனா வந்து போனவருக்கு எத்தனை நாள் கழித்து ஆபரேஷன் செய்யலாம் என்று யாருக்கும் தெரியவில்லை. 116 நாடுகளின் 1,674 ஆஸ்பத்திரிகள் 1,40,231 நோயாளிகளின் விவரத்தைப் பதிந்தன. முடிந்தால் 7 வாரமாவது பொறுங்கள் என்ற பதில் 2021-இல் கிடைத்தது. அதே வருடம் இவர்கள் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில் 15,025 ஆசிரியர்கள். கின்னஸ் சாதனை!

குறைகளும் உண்டு

படிவத்தில் அடிப்பவர்கள் இரவு டியூட்டி முடித்துவிட்டுச் சம்பளமில்லாமல் அடிக்கிறார்கள். 15,025 பெயர்களில் ஒன்றாக வருவதால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பது நியாயமான கேள்வி. சர்வர் பணக்கார நாட்டில் இருக்கிறது என்பதற்காகக் கேள்வியையும் அவர்களே முடிவு செய்துவிடும் ஆபத்து உண்டு. சேர முன்வரும் ஆஸ்பத்திரிகள் சராசரியைவிட நல்லவையாக இருக்கலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் 30-ஆம் நாள். காயம் எப்படி இருக்கிறது என்று ஒரு மாதம் கழித்துப் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும். ஊருக்குப் போன நோயாளி போனை எடுக்காவிட்டால் அந்த வரிசை காலிதான்.

நீங்கள் செய்யக்கூடியவை

* வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் நடந்தால், தேதியுடன் ஒரு சின்ன பைல் வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், வலி, கட்டு மாற்றிய நாள் ஆகியவற்றை எழுதுங்கள். காயத்தை போட்டோ எடுத்தால் தினமும் ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் எடுங்கள். காயம் சிவந்தாலோ கசிந்தாலோ போட்டோவை வைத்துக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

* ஆஸ்பத்திரி தரும் ஆபரேஷன் வீடியோ, ஸ்கேன் ஆகியவற்றின் மூலையில் பெரும்பாலும் நோயாளியின் பெயரும் வயதும் இருக்கும். அப்படியே வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள்.

* ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து கேட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எதைச் சோதிக்கிறீர்கள்? என் பெயர் வெளியே போகுமா? நடுவில் விலகினால் சிகிச்சை பாதிக்குமா?

* ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மாதம் கழித்து போன் வந்தால் எடுங்கள். உங்கள் இரண்டு நிமிடம் வேறு யாருக்கோ ஆறு வாரம்.

அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை. வெடித்த குடல்வாலோடு நடுராத்திரியில் போனவரைக் காப்பாற்றியவர் அவர். போன வருடம் இந்த ஆய்வுகளின் விவரத்தை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன். கூடவே என் லேப்டாப்பில் ஒன்பது கட்டங்கள் கொண்ட ஒரு படிவமும். முதல் கட்டத்தில் 'பெயர்' என்று போட்டிருந்தேன். "இதை எடுத்துடுங்க தம்பி, நம்பர் போதும்" என்று அவர்தான் திருத்தினார். கையுறை விஷயத்தைப் படித்துவிட்டு, "இதுல என்ன பெரிய செலவு?" என்று சொல்லி மறுநாளே தொடங்கிவிட்டார். "முப்பதாம் நாள் யாரு போன் பண்றது?" என்று கேட்ட நர்ஸ் அக்காதான் இப்போது சனிக்கிழமை மதியங்களில் போன் செய்கிறார்.

நூறு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் தன் ஆஸ்பத்திரியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள முதல் நூறு வேண்டுமே. கடைசியாகப் பார்த்தபோது படிவத்தில் 41 வரிசைகள் இருந்தன. என் பழைய கேள்வியை மறுபடி கேட்டேன்.

"நூறு ஆகட்டும் தம்பி. எண்ணிச் சொல்றேன்" என்றார்.